அவள் வாய்க்கு அவள் குரல்

மேடை ஏறியதும் மைக்கைச் சோதிக்க எல்லாரும் 'ஹலோ, ஹலோ' என்பார்கள். சிலர் விரலால் தட்டுவார்கள், சிலர் ஊதிப் பார்ப்பார்கள். அந்த அக்கா அன்றைக்கு என்ன சாப்பிட்டாளோ அதைச் சொல்வாள்.

"காலைல கேப்பைக் கூழு. தொட்டுக்க மல்லாட்டைத் தொவையல். மத்தியானம் கல்யாண வூட்டுச் சாப்பாடு. ரசம் சூப்பரு. சாம்பார்லதான் உப்பு பத்தல."

பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து சிரிப்பார்கள். பின்பக்கத்திலிருந்து சமையற்காரர் கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். கீபோர்டுக்கு ஒயர் மாட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டேன்.

"ஏங்க்கா, எல்லாரும் மாதிரி ஹலோன்னு சொன்னா ஆகாதா?"

"ஹலோ யாரு வேணா சொல்லலாம் ரீட்டா. நா துன்னத நாந்தான சொல்ல முடியும்?"

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். அவளோடு பல வருஷம் பழகிய பிறகுதான் அது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. தன் வாயிலிருந்து வருவது தன் குரலாக இருக்க வேண்டும், தன் குரல் சொல்வது தன் விஷயமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் உயர்ந்தாள். இதனால்தான் இழந்ததும்.

இன்றைக்கு அவள் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு ஒரு பாட்டு ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு லாரி ஓட்டிக்கொண்டு வரும் ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வரும். சினிமாவுக்காக வைத்த அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் அக்கா. எங்கள் இருவருக்கும் வயதில் அதிக வித்தியாசம் கிடையாது, ஆனாலும் அக்கா. அவளுக்கு ஊர் திண்டிவனம், எனக்கு விழுப்புரம். என் அப்பா மாதா கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நான் கீபோர்டுக்கு வந்தேன். விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அவரை நாங்கள் கிடார் அண்ணன் என்போம். அந்தக் குழுவில்தான் நாங்கள் இருவரும் சந்தித்தோம்.

அவளுக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எந்தப் பாட்டு வகுப்பும் இல்லை. ஓர் ஆட்டோ. அவள் அப்பா திண்டிவனத்தில் விளம்பர ஆட்டோ ஓட்டினார். மேலே இரண்டு ஒலிபெருக்கி, உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், கையில் மைக். புதுப்படம், நகைக்கடைத் திறப்பு, பொருட்காட்சி, சாவுச் செய்தி எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் மைக்கை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் அதட்டலாக, தெளிவாக, மூச்சு வாங்காமல் சேலைத் தள்ளுபடி சொல்லிக்கொண்டு போனதை ஊர் ரசித்தது. அப்புறம் கடைக்காரர்கள், "உங்க பொண்ணு சொல்றதா இருந்தா குடுக்கறோம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திண்டிவனத்துக்கு அவள் முகம் தெரிவதற்கு முன்பே குரல் தெரிந்துவிட்டது.

அதனால்தான் தியேட்டரில் நடந்தது அவ்வளவு வலித்தது.

அவள் நடித்த முதல் படம். கதாநாயகியின் தங்கை வேடம். குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் சென்னைக்குப் போய்ச் சில படங்களில் பாடி, அங்கே ஒருவர் கண்ணில் பட்டு, நடிக்க வந்த வாய்ப்பு. படம் திண்டிவனத்தில் வெளியான அன்று அவள் அப்பா ஆட்டோவைக் கழுவி, மாலை போட்டு, முன்னால் அவள் படத்தை ஒட்டினார். காலையிலிருந்தே தெருத்தெருவாகப் போய் அறிவித்தார்.

"நம்ம ஊர் பொண்ணு! உங்க காதுக்குப் பழக்கமான கொரலு! இன்னிக்கு வெள்ளித்திரைல! வந்து பாருங்க, வந்து கேளுங்க!"

நாங்கள் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தோம். காலைக்காட்சிக்கே கூட்டம். மார்க்கெட் ஆட்கள், பூக்கடைக்காரர்கள், அவளோடு படித்த பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்தாள். மஞ்சள் தாவணியில் காபித் தட்டோடு அவள் திரையில் வந்தபோது விசில் காதைப் பிளந்தது. அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

திரையில் அவள் வாயைத் திறந்தாள். "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றது ஒரு குரல். மெல்லிய, இனிப்பான, நுனிநாக்குக் குரல். நல்ல குரல்தான். அவளுடையது இல்லை.

விசில் அடங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ, "இன்னாடா இது, அக்கா கொரல் இல்லியே" என்றார்கள். நின்றுகொண்டிருந்த அவள் அப்பா குனிந்தார். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர். அவர் கேட்டது சுற்றிலும் எல்லாருக்கும் கேட்டது.

"பாப்பா, யாரும்மா அது பேசறது?"

அவளுக்கும் அந்த நொடியில்தான் தெரிந்தது. பேச்சுப் பதிவுக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், கூப்பிடவில்லை. படப்பிடிப்பில் பேசியதையே வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். 'பேச்சு கொஞ்சம் லோக்கலா இருக்கு' என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இடைவேளையில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கை கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "நடிச்சது நானு. பேசனது நா இல்ல." "விடும்மா, யாருக்குத் தெரியப் போவுது" என்றார் ஒரு பெரியவர். "எனக்குத் தெரியுதே மாமா" என்றாள்.

மறுநாளும் ஆட்டோ போனது. நான் ஊர் திரும்பியிருந்தேன், கிடார் அண்ணன்தான் ஏதோ வேலையாகத் திண்டிவனம் போய்விட்டு வந்து சொன்னார். 'நம்ம ஊர் பொண்ணு, வந்து பாருங்க' என்று மட்டும் அவள் அப்பா அறிவித்தாராம். 'வந்து கேளுங்க' என்பதை எடுத்துவிட்டாராம்.

இந்தக் குணம் தியேட்டரில் பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே இருந்தது, அப்போது கொஞ்சம் கூராகவே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் குழுவில் ஆண்குரலுக்கு ஒருவர் இருந்தார். பகலில் துணிக்கடையில் வேலை, சாயங்காலம் பாட்டு. நல்ல மனிதர். அன்றைக்கு அவருக்குத் தொண்டை சரியில்லை. யாருக்கும் சொல்லாமல் சவுண்டுக்காரரிடம் பேசி, ஏற்கெனவே பதிவு செய்த தன் பாட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்தார். ஜோடிப் பாட்டு. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னாண்ணே இது?" என்றாள். அவர் கண்ணடித்தார்.

அவள் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். எல்லாம் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. ஓடிக்கினு இருந்தது ரெக்கார்டு. ரெண்டு பேர் பாட்டையும் நானே பாடறேன், கோச்சிக்காதீங்க."

பாடினாள். ஆண் வரிகளைக் கீழே இறக்கி, பெண் வரிகளை மேலே ஏற்றி, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு பாடினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த அண்ணன் வேனில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு குழுவுக்கும் வரவில்லை.

கிடார் அண்ணன் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் வாதாடவில்லை. மறுவாரம் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தத் துணிக்கடைக்குப் போனாள். அவர் சட்டைத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார். "நீ சொன்னது நெஜம்தாம்மா. ஆனா அது என் நெஜம். என்னக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்த அண்ணன் சொன்னது சரி ரீட்டா. மைக்குல அடுத்தவங்க வெசயத்த நா பேசக் கூடாது" என்றாள். அன்றோடு அந்தக் கூர்மை போயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் ரெக்கார்டுக்கு வாயசைப்பதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் விஷயத்தில் மட்டும் இம்மியும் நகரமாட்டாள்.

தியேட்டர் சம்பவத்துக்குப் பிறகு வந்த படங்களை வரிசையாக மறுத்தாள். நல்ல வேடங்கள் சில இருந்தன. எல்லாரிடமும் ஒரே நிபந்தனை. பேசுவது நானாக இருக்க வேண்டும். "படம் வெளில வந்தப்புறம் எல்லாம் பழகிடும்மா" என்றார்கள். "எனக்குப் பழகாதுங்க" என்று போனை வைத்துவிடுவாள். போன் வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. அவள் மறுபடி எங்கள் வேனில் ஏறினாள். திருவக்கரைப் பௌர்ணமி, மயிலம் பக்கத்துத் திருவிழா, விழுப்புரத்துக் கல்யாணங்கள். சினிமாவில் நடித்தவள் திரும்பக் கல்யாண வீட்டில் பாடுகிறாளே என்று பேசினார்கள். அவள் காதிலேயே விழுந்தது. அவள் பாட்டுக்குச் சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மாலை ரயிலில் வந்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"அக்கா, நீ பாடன பாட்டு எல்லாம் வேற யாரோ வாயசைச்சி வருது. அது பரவால்லியா? உனக்கு இன்னொருத்தி பேசனா மட்டும் தப்பா?"

அவள் கோபப்படவில்லை.

"பாட்டுக்குப் பேரு போடறாங்க. பாடனது நாந்தான்னு ஊருக்குத் தெரியும். எனக்குப் பேசனவளுக்கு எங்கனா பேரு போட்டாங்களா? அவளும் அழகாத்தான் பேசிக்கினு இருந்தா. ரெண்டு பேத்தையும் ஒரே அடியா மறைச்சிட்டாங்க."

சொன்னதோடு விடவில்லை. அந்தப் பேச்சுக் கலைஞர் யாரென்று விசாரித்துத் தேடிப் போனாள். வடபழனிப் பக்கம் ஒரு சின்ன வீடு. போனவளைப் பார்த்ததும், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அந்தப் பெண் பயந்துவிட்டாராம். இவள் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். பல வருஷம் கழித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்கு அந்தப் பெண்ணையும் கையோடு அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, "என் மொதப் படத்துல நீங்க கேட்டது இவங்கள" என்றாள். அந்தப் பெண் கேமராவைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பேட்டி எடுக்கும் அளவுக்கு அவள் வளர்ந்தது அந்த லாரி ஓட்டும் பெண் வேடத்தால். திருவக்கரைப் பௌர்ணமிக் கச்சேரியில் ஒல்லியாக ஒருவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தார். முதல் படம் இயக்கப் போகிறேன் என்றார். கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப் போகும் லாரியை ஓட்டும் பெண்ணின் கதை.

"பேசறது யாரு?" இதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி. கதையைக்கூட அப்புறம்தான் கேட்டாள்.

"நீங்கதாங்க. நீங்க பேசறதக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"நா போய்க்கினு, வந்துகினுன்னு பேசுவேன்."

"அது வேணும்னுதாங்க வந்தேன்."

படப்பிடிப்பு எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே நடந்தது. அவள் நிஜமாகவே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பனமலை ஏரிக்கரைச் சாலையில் அவள் லாரியை வளைத்துத் திருப்பும் காட்சி எடுத்தபோது நான் போயிருந்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கரைமேல் ஏறி வந்து நின்று பார்த்தார்கள். "பொம்பள ஓட்டுது பாருடி" என்று ஒருத்தி சொல்ல, அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வர்றியா, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். அந்தப் பெண் சேறு அப்பிய காலோடு நிஜமாகவே ஏறிவிட்டாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

படத்தில் லாரி ஓட்டிக்கொண்டே அவள் பாடும் பாட்டையும் அவளே பாடினாள். திரையில் அவள் குரல் முதன்முறையாக அவள் வாயிலேயே வந்தது. அந்த வருஷம் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பாட்டுதான். சென்னையில் கல்லூரிப் பெண்கள் வேண்டுமென்றே 'போய்க்கினு, வந்துகினு' என்று பேசித் திரிந்தார்கள். திண்டிவனத்தில் படம் வந்தபோது அவள் அப்பாவுக்கு வயதாகியிருந்தது. ஆனாலும் ஆட்டோவை எடுத்தார். "வந்து கேளுங்க! வந்து கேளுங்க!" என்று அதை மட்டுமே சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினார். எந்தப் படம், எந்தத் தியேட்டர் என்று சொல்லவே மறந்துவிட்டாராம். யாரும் கேட்கவும் இல்லை.

பிரபலமான பிறகும் அவளுடைய போனை அவளே எடுப்பாள். உதவியாளரை விட்டு 'மேடம் குளிக்கிறாங்க' என்று சொல்லச் சொல்லும் வழக்கம் கிடையாது. பேச மனமில்லையென்றால் எடுத்து, "இப்ப பேசற மாதிரி இல்லீங்க, நாளைக்குப் பண்ணுங்க" என்று வைத்துவிடுவாள். பெரிய தயாரிப்பாளர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அவள் பேசுகிறேன் என்று சொன்னால் பேசுவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது.

ஒரு படப்பிடிப்பில் உரக்கக் கத்தும் காட்சி. கத்தினாள், பாதியில் வெறும் காற்று வந்தது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்பது மட்டும் ஆறுதல். சில வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த நாள்களை அவள் திண்டிவனத்து வீட்டில் கழித்தாள். அப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். பள்ளியில் பாட்டு ஆசிரியை வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு நான் போய் இருந்தேன். வேண்டியதைக் கைதட்டிக் கேட்பாள். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், விடாமல் தட்டினால் 'ஜல்தி வா' என்று அர்த்தம்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன நாள் வந்தது. முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரீட்டா" என்று கூப்பிட்டாள்.

அடியில் கரகரப்போடு, தாழ்ந்து, யாரோ வயதான ஆள் கூப்பிடுவது போல வந்தது. அவளே திடுக்கிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி பேசிப் பார்த்தாள். அப்படியேதான் வந்தது.

"யாருடி இது பேசறது?"

அன்று ஒருநாள்தான் அவள் அழுது நான் பார்த்தது. அழும் சத்தமும் புதிதாக இருந்ததில் அழுகை இன்னும் கூடியது. மேல் ஸ்தாயி இனி வராது என்று டாக்டர் பதமாகச் சொல்லியிருந்தார். கோடிப் பேர் கேட்ட அந்தப் பாட்டின் உச்சி அங்கேதான் இருந்தது.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் நின்று கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பூக்கடை, அங்கிருந்து டீக்கடை. பார்ப்பவர்களிடமெல்லாம் பேச்சு. "தொண்டைக்கு இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் பதில்.

"இன்னாக்கா பண்ணிக்கினு இருக்க?" என்றேன்.

"பழகிக்கினு இருக்கேன். புதுசா ஒருத்தி வூட்டுக்கு வந்துட்டா. நாலு பேருக்கு அறிமுகம் பண்ண வாணாமா?"

சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. அவள் ஒப்புக்கொண்டிருந்த படத்தின் கம்பெனி அனுப்பிய ஆட்கள். மரியாதையான பிள்ளைகள். லேப்டாப்பைத் திறந்து ஒரு பாட்டைப் போட்டார்கள். அக்காவின் குரல். பழைய குரல். அந்த ஏற்றம், அந்த வழுக்கல், வரியின் முடிவில் அவள் கொடுக்கும் சின்னச் சுழிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் பாட்டு எனக்குப் புதிதாக இருந்தது. அவள் பாட்டு எதுவும் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குது. எப்ப பாடனேன் இத?"

"நீங்க பாடல மேடம். உங்க பழைய பாட்டெல்லாம் குடுத்தோம், கம்ப்யூட்டரே பாடிடுச்சு. இனிமே நீங்க கஷ்டப்படவே வேணாம். பேரும் உங்களதுதான் வரும்."

ஒப்புக்கொள்வாளோ என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் அவள் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. இறந்துபோன ஒருவரை வீடியோவில் பார்ப்பவர்களுக்கு வருமே, அந்த மாதிரி. "இன்னொரு வாட்டி போடு தம்பி" என்றாள். மறுபடி முழுவதும் கேட்டாள்.

"இந்தக் கொரலுக்கு இன்னா வயசு?" என்றாள் பிறகு.

ஒருவன் தயங்கி, "உங்க அந்தப் படம் வந்தப்ப இருந்த வயசு மேடம்" என்றான்.

"படத்துல வரப்போற மூஞ்சி இப்ப இருக்கறது. அவளுக்குப் பாட இவ வாணாம் தம்பி. பாடறதுன்னா நா பாடறேன், இல்லன்னா வேற யாராவது பொண்ணக் கூப்ட்டுப் பாடவெச்சி அவ பேர் போடுங்க. செய்யாத வேலைக்கு என் பேரப் போடாதீங்க."

இருவரையும் உட்காரவைத்து மீன்குழம்பு போட்டுச் சாப்பிடவைத்து அனுப்பினாள். கொஞ்ச நாளில் அந்தப் படம் வேறு நடிகைக்குப் போயிற்று. அவள் குரல் போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று எழுதினார்கள். அவள் அதையும் படித்தாள்.

ஆடி மாதம் திண்டிவனத்தில் அம்மன் கோயில் திருவிழா. கிடார் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் குழுவை விடவில்லை. அக்கா வருகிறாள் என்றதும் ஊரே திரண்டது. சாயங்கால வெயில் இறங்கும் முன்பே மைதானம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டார். கையில் பென் டிரைவ்.

"தா பாரு பாப்பா, உன் ஒரிஜினல் பாட்டு, கொரலோட இருக்குது. சவுண்டுக்காரன்ட்ட சொல்லிட்டேன். நீ சும்மா மைக்கப் புடிச்சிக்கினு நின்னா போதும். ஜனங்க உன்னப் பாக்கத்தான் வந்திருக்குது."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவள் அவமானப்பட்டுவிடக் கூடாது என்ற பயம், வேறொன்றும் இல்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தான் செய்யற, தெரியுதுண்ணே. வாணாம்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "ரீட்டா, சுருதி எவ்ளோ எறக்கலாம்?"

"ரொம்ப எறக்கணும்க்கா. கேக்கறவங்களுக்கு அது வேற பாட்டு மாதிரி இருக்கும்."

"எறக்கு. கீழயும் எடம் இருக்குது."

மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். "தொண்டைல ஆபரேஷன் பண்ணாங்க, உங்களுக்கே தெரியும். பழைய கொரலு உங்க எல்லார் போன்லயும் இருக்குது, வூட்ல போய்க் கேட்டுக்கோங்க. இன்னிக்கு எங்கிட்ட இருக்கறது இதான்."

பாடத் தொடங்கினாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. என் விரல்கள் பழகிய இடத்துக்குப் போகப் பார்த்தன, இழுத்துப் பிடித்துக் கீழேயே வைத்திருந்தேன். ஓரத்தில் சிலர் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. சரணத்தில் உச்சிக்கு ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. முன்வரிசைப் பெண்கள் சட்டென்று தாங்களே அந்த வரியை எடுத்துப் பாடினார்கள், அவளுக்கு உதவியாக. அவள் சிரித்துக்கொண்டே கையமர்த்தினாள்.

"இருங்க, இருங்க. நா பாடறேன். எனக்குத்தான மைக் குடுத்திருக்காங்க?"

மைதானம் சிரித்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மறுபடி சரணத்தின் தொடக்கம். மேலே போக வேண்டிய இடம் வந்தது. அவள் மேலே போகவில்லை. கீழே இறங்கினாள். அதே சொற்கள், ஒவ்வொரு படியாக இறங்கி, நான் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் போய் நின்று, அங்கே அந்தக் கரகரப்பை மறைக்காமல் நீளமாகப் பிடித்தாள். நான் அவள் பின்னால் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். வருஷக்கணக்காக வாசித்த பாட்டு. அதில் அப்படி ஓர் இறக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. லாரி ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு வயதாகிப் பாடினால் இப்படித்தான் பாடியிருப்பாள்.

கைதட்டல் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னால் வந்தது. கிடார் அண்ணன் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் தட்டினார். போனவர்கள் போனவர்கள்தான். இருந்தவர்கள் கடைசிப் பாட்டுவரை நகரவில்லை.

யாரோ போனில் எடுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு ஒரு புது இசையமைப்பாளர் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். "அந்தக் கீழ எறங்கற குரலுக்குன்னே ஒரு பாட்டு போட்டிருக்கேங்க. நடிக்கறதும் நீங்களா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். இந்த முறை நானும் கூடப் போனேன். காலை ரயிலில் சென்னை போய், மத்தியானத்துக்குள் பதிவு முடிந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவு செய்யும் இளைஞர் கேட்டார்.

"மேடம், நடுவுல நீங்க மூச்சு இழுக்கற சத்தம் நல்லாவே கேக்குது. எடுத்துடட்டுமா? சுத்தமா எடுத்துடலாம்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"விட்டுடு தம்பி. மூச்சு வாங்கித்தான் பாடனேன்."

படம் இந்த வருஷம் வந்தது. அதில் அவள் நடித்தாள், பேசினாள், பாடினாள். அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் சற்று அடங்கும். அப்போது ஒரு மூச்சு கேட்கும். அது அவள்தான்.